மலைக்காட்டு ஸ்பொஞ்ச் காளான்: கேட்டதும் சொன்னதும்

கீழ்ப்பக்கம் தகடு இல்லாம, ஸ்பொஞ்ச் மாதிரி சின்னச் சின்ன ஓட்டையா இருக்கிற காளான்தான் பொலீட். அதைப்பற்றி எவ்வளவும் கேளுங்கோ. படம் பாத்துத் "தின்னலாம்" எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

கேள்வி (உவர்மலை): சேர், பண்டாரவளைப் பக்கம் பைன் காட்டுக்கை ஒரே மரத்தடியிலை ஒண்டு செங்கல் நிறம், ஒண்டு மண்ணிறம், ஒண்டு வெளிறின மஞ்சள். எல்லாம் ஒரே சாதியோ?

பதில்: ஒண்டாவும் இருக்கலாம், மூண்டாவும் இருக்கலாம் தம்பி. குடையின்ர நிறத்தை நம்பி பொலீட்டைப் பிரிக்கேலாது. முளைக்கேக்கை அரை உருண்டையா, வெல்வெட் மாதிரி, கடும் மண்ணிறமா நிக்கும், மழை பட்டா வெளிறும், வெயில் பட்டா தோல் வெடிக்கும், முத்த முத்த தட்டையாகி கீழை மஞ்சளா இருந்த ஓட்டையெல்லாம் ஒலிவ் பச்சையாப் போகும். ஐரோப்பாவிலை செரோகோமெல்லஸ் கிரைசென்டெரான் எண்டு ஒண்டு, வெடிப்புக்குள்ளாலை சிவப்புத் தெரியும், அதையும் அதின்ர சொந்தக்காரரையும் பிரிக்க அங்கத்தை ஆக்களே மைக்ரோஸ்கோப்பும் டிஎன்ஏயும் தேடிப் போகினம்.

நீங்கள் பாக்கவேண்டியது தண்டு. அதிலை வலைமாதிரிக் கோடோ, புள்ளியோ, வளையமோ? பைன் அடியிலை குடை வழுவழு எண்டிருந்தா நான் முதல்லை சுயிலஸ் எண்ட பொலீட் வகை எண்டுதான் யோசிப்பன், அது பைன் குடும்ப மரங்களோட ஒட்டி வாழுறது. பிறகு நெடுக்கா வெட்டி எந்த இடம் எவ்வளவு கெதியா நிறம் மாறுது எண்டு பாருங்கோ. இன்னொண்டிலை குடையை மட்டும் வெள்ளைத் தாளிலை கவிட்டு, கோப்பையாலை மூடி இரவு வையுங்கோ, விடிய வித்தித்தூள் (காளானின்ர விதை மாதிரியான தூள்) படிஞ்சிருக்கும். ஒலிவ் மண்ணிறம் எண்டா ஒரு பக்கம், இளஞ்சிவப்பு எண்டா டைலோபிலஸ் எண்ட இன்னொரு பொலீட் வகைப் பக்கம். உங்கட படத்திலை தண்டின்ர அடி இல்லை. அடியோட கிண்டி எடுத்துப் படம் பிடியுங்கோ.

கேள்வி (கிண்ணியா): வெட்டின உடனை நீலமாச்சு சேர். நீலம் எண்டா நஞ்சு தானே, எங்கட உம்மம்மா அப்பிடித்தான் சொல்லுவா.

பதில்: இல்லை. உள்ளை வேரியகாட்டிக் அமிலம், செரோகோமிக் அமிலம் எண்டு மஞ்சள் சாமான் இருக்கு, வெட்டுப்பட்டுக் காத்துப் பட ஒட்சிசனோட சேர்ந்து நீலமாகுது, அவ்வளவுதான். நீலமாகிறதிலை நல்லா அவிச்சுத் தின்னுற சாதியும் இருக்கு, சாத்தான் பொலீட் மாதிரி ஆளைப் படுக்கையிலை போடுறதும் இருக்கு.

கேள்வி (மூதூர்): இந்தப் படத்திலை இருக்கிறது தின்னலாமோ?

பதில்: வேண்டாம்.

கேள்வி (நிலாவெளி): எங்கட வளவுப் புல்லிலை பெரிய வெள்ளைக் குடை, கீழை தகடு. இதென்ன பொலீட்?

பதில்: தகடு எண்டா பொலீட் இல்லை அக்கா. வித்தித்தூள் பச்சையா விழுந்தா குளோரோஃபில்லம் எண்ட நஞ்சுக் காளான், தின்டா சத்தியும் வயித்தாலையும் போட்டு வாட்டும். பிள்ளையளைத் தொடவிடாதேங்கோ.

கேள்வி (கிண்ணியா, அதே ஆள்): அப்ப வெள்ளிக்காசு போட்டு அவிச்சா நஞ்சுக் காளான் கறுக்கும் எண்டது? உள்ளி போட்டாலும் கறுக்குமாம்.

பதில்: தம்பி, இதுதான் ஆளைக் கொல்லுற கதை. அமானிட்டா ஃபல்லாய்ட்ஸ் எண்ட ஆளைக் கொல்லுற நஞ்சுக் காளான் வெட்டினா நீலமாகாது, வெள்ளியைக் கறுப்பாக்காது, கசக்காது, அவிச்சாலும் நஞ்சு போகாது. தின்டு 6 மணித்தியாலத்துக்கு மேல ஒண்டும் தெரியாது, பிறகு சத்தி, வயித்தாலை, அடுத்த நாள் சுகமான மாதிரி இருக்கும், அந்த நேரம் ஈரல் அழிஞ்சுகொண்டிருக்கும். உம்மம்மாவிலை எனக்கு மரியாதை இருக்கு, அவ கண்டு வளந்த புத்துக்காளானை அவ என்னைவிட நல்லாத் தெரிஞ்சிருப்பா. மலைக்காட்டுக் காளானுக்கு அந்தச் சோதனை ஒண்டும் பிடிக்காது.

கேள்வி (சாம்பல்தீவு): நான் கண்டதிலை மேலெல்லாம் மஞ்சள் பவுடர்.

பதில்: அது ஹைப்போமைசஸ், காளானைத் தின்னுற பூஞ்சணம். முதல்லை வெள்ளையா மூடும், பிறகு பொன் மஞ்சள். உள்ளை எந்தப் பொலீட் எண்டு பிறகு கண்டுபிடிக்கிறது பெரிய கஷ்டம்.

கேள்வி (தம்பலகாமம்): எங்கட பக்கக் காட்டிலை ஏன் இதைக் காணுறேல்லை?

பதில்: அருமையான கேள்வி! கனக்கப் பொலீட் மரவேரோட சேர்ந்துதான் சீவிக்கும், பைன் மாதிரி அதுக்கு ஏத்த மரம் வேணும். எங்கட பாலை மரமும் வீரை மரமும் அந்தச் சாதி இல்லை. ஆனா ஃபிளெபோபஸ் போர்ட்டென்டோசஸ் எண்டொரு பெரிய பொலீட், மரத்துணை இல்லாமலே வளரும், 1873இலை இலங்கைக் காளானை வச்சுத்தான் அதுக்குப் பேரே வச்சவை. தாய்லாந்திலை இப்ப அதைப் பயிராவே வளர்க்கினம். மாரிக்கு உங்கட பக்கம் கண்ணிலை பட்டா அடியோட படம் எடுத்து அனுப்புங்கோ.

கேள்வி (கன்னியா): சேர், எல்லாம் வாசிச்சன், ஆனா நல்லா அவிச்சா தின்னலாம் தானே?

பதில்: முதல்லை இருந்து வாசியுங்கோ. ஆரும் ஏற்கனவே தின்டிருந்தா இதிலை கேட்டுக்கொண்டு நிக்காம உடனை ஆஸ்பத்திரிக்கு, மிச்சக் காளானையும் பேப்பரிலை சுத்திக் கொண்டுபோங்கோ.