பௌல் பியெரே ஃப்ராய்டின் சீடரா, எதிரியா? அவரை எங்கே தொடங்கிப் படிப்பது?

"ஸ்வீடனுக்கு ஃப்ராய்டைக் கொண்டுவந்தவர், பிறகு முறித்துக்கொண்டு போனவர்" என்ற ஒரு வரியோடு பெரும்பாலான அறிமுகங்கள் நின்றுவிடுகின்றன. அதனால்தான் சீடரா எதிரியா என்று கேட்கத் தோன்றுகிறது. என் பார்வையில் ஸ்வீடன் நாட்டவரான பியெரே (1876–1964) அடிப்படையில் ஒரு ஹிப்னாடிச மருத்துவர். மனத்தின் மறைவான பகுதியைத் தோண்டிப் பார்க்கும் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டை அவர் சந்தித்தது இடையில்தான். ஆகவே ஃப்ராய்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஓட்டோ வெட்டர்ஸ்ட்ராண்டிலிருந்து தொடங்குங்கள்.

வெட்டர்ஸ்ட்ராண்ட் (1845–1907) ஸ்டாக்ஹோமில் தனியாகத் தொழில் நடத்திய மருத்துவர். பிரான்சின் நான்சி நகரில் மருத்துவர்கள் லியேபோவும் பெர்ன்ஹைமும் செய்துவந்த, ஹிப்னாடிச நிலையில் இருப்பவரிடம் நோய் நீங்கும் என்று சொல்லிப் பதியவைக்கும் கருத்தேற்ற முறையைப் படித்துவிட்டு 1887இல் தானும் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில் 3,148 பேரிடம் முயன்று பார்த்ததாகவும் 97 பேர் மட்டுமே அதற்கு வசப்படவில்லை என்றும் கணக்குக் கொடுத்தார். அவரே சொன்ன கணக்கு, லேசான மயக்கத்தையும் வெற்றியில் சேர்த்த கணக்கு. அப்படியே விழுங்க வேண்டியதில்லை.

அவருடைய அறையின் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். திரைபோட்டு மங்கலாக்கிய அறை, காலடி கேட்காதபடி கனமான கம்பளம், சுற்றிலும் சோபாக்களும் சாய்வு நாற்காலிகளும். ஒரே நேரத்தில் பலர் படுத்திருப்பார்கள். புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது ஏற்கெனவே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பவர்களைத்தான். பாதி வேலையை அந்தக் காட்சியே செய்துவிடும். பிறகு மருத்துவர் ஒவ்வொருவரிடமும் குனிந்து, அவரவர் நோய்க்கு ஏற்ற கருத்தேற்றத்தைக் காதோடு காதாகச் சொல்லிவிட்டு நகர்வார். சத்தமாகச் சொன்னால் ஒருவருக்கான கட்டளை பக்கத்தில் கிடப்பவர் மனத்திலும் போய் உட்கார்ந்துவிடும் என்பதால்தான் அந்தக் கிசுகிசுப்பு. கடினமான நோயாளிகளுக்கு நீள்தூக்கம். நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் ஹிப்னாடிசத் தூக்கத்திலேயே வைத்திருப்பார். தூங்குபவர் மருத்துவரின் குரலுக்கு மட்டுமே செவிசாய்ப்பார், மற்றவர் பேச்சு எட்டாது. ஆனால் சாப்பாடு கொடுக்க ஆள் வேண்டுமே? அதற்காகச் செவிலியின் குரலுக்கும் பதில் சொல்லும்படி முன்கூட்டியே கருத்தேற்றம் செய்துவைப்பார்.

1907இல் வெட்டர்ஸ்ட்ராண்ட் இறந்ததும் அந்தத் தொழிலை எடுத்து நடத்தியவர் பியெரே. அப்போதே அவர் புதியவர் அல்லர். 1903இல் தத்துவவாதி நீட்சேயின் மேதைமையையும் பித்தையும் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். பிறகு காரின் என்ற புனைபெயரில் பதிவான இளம்பெண்ணின் விவகாரம் வந்தது. அவள் இருந்த வீட்டில் யாரும் தட்டாமலே சுவரிலும் தரையிலும் தட்டும் ஒலி. ஆவி என்று பேச்சு. பியெரே அவளை ஹிப்னாடிச நிலைக்குக் கொண்டுபோய், இன்ன நேரத்தில் ஒலி வரட்டும் என்று கட்டளை கொடுத்துப் பார்த்தார். ஒலி அந்தக் கட்டளைக்கு இசைந்தது என்பது அந்த ஆய்வின் பதிவு. ஒலி எப்படி உண்டானது என்ற கேள்வி தனி. பியெரேவுக்கு முக்கியமாகப் பட்டது, ஆவியின் வேலை என்று சொல்லப்பட்ட ஒன்று நோயாளியின் மனத்தோடு கட்டுண்டிருந்தது என்பதே.

கருத்தேற்றத்தின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அறிகுறி போகும், சில மாதம் கழித்துத் திரும்பும், அல்லது வேறு உருவில் வரும். கை நடுக்கம் நின்றால் தூக்கமின்மை பிடித்துக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்காமல் மேலே மூடிவிடுகிற வைத்தியம் அது. அந்தக் குறைக்கு விடை தேடித்தான் 1910ஆம் ஆண்டு முடிந்து 1911 பிறக்கும் சமயத்தில் பியெரே வியன்னா போய் ஃப்ராய்டைப் பார்த்தார். 1911 ஜனவரியில் ஸ்வீடிஷ் மருத்துவர் சங்கத்தில் உளப்பகுப்பாய்வு பற்றி உரையாற்றினார். அதே ஆண்டு கோடையில், எழுத்தாளர் எலன் கேயின் வீட்டில் லூ ஆந்த்ரேயஸ்-சலோமேயைச் சந்தித்தார். ஒரு காலத்தில் நீட்சேயின் நெருங்கிய தோழி, பியெரேவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். செப்டம்பரில் வைமாரில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டுக்கு அவரைப் பியெரேதான் அழைத்துப்போனார். விளைவு வேடிக்கையானது: லூ கடைசிவரை ஃப்ராய்டோடு நின்றார், கூட்டிப்போனவர் விலகினார்.

வைமாரில் பியெரே பேசியது நாட்பட்ட பாரனோயாவின் சிகிச்சை பற்றி. எல்லாரும் தன்னைத் துரத்துகிறார்கள் என்று பல ஆண்டுகளாக நம்பிவந்த ஒரு பெண் குணமானதாக அறிவித்தார். அந்தக் காலத்தில் இது துணிச்சலான அறிவிப்பு. ஃப்ராய்டே இத்தகைய நோய்களில் தன் முறை பலிக்கும் என்று பெரிதாக நம்பியவர் அல்லர். பாரனோயாவில் மருத்துவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "அப்படியெல்லாம் இல்லை" என்று வாதாடத் தொடங்கிய உடனே மருத்துவரும் சதிகாரர் பட்டியலில் சேர்ந்துவிடுவார், அதற்குமேல் நோயாளி வாய் திறக்க மாட்டார். பியெரே மறுத்துப் பேசுவதைத் தள்ளிப்போட்டார். முதலில் முழுக் கதையையும் சொல்லவிட்டார், நம்பிக்கையைச் சம்பாதித்தார், அதன் பிறகே ஐயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தார். ஒரு நோயாளியை வைத்து முறையை நிறுவ முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனாலும் அந்தப் பொறுமை இன்றைக்கும் உதவும்.

ஃப்ராய்டிடமிருந்து ஏன் விலகினார்? பாலுணர்வுக்குக் கொடுத்த அளவுக்கு மீறிய இடம் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் 1913இல் வெளியான, நனவையும் நனவிலியையும் (நாம் உணராத மனப்பகுதியையும்) எதிரெதிரே வைத்துப் பேசும் கட்டுரையில் இருக்கிறது. நனவிலியைத் தோண்டி வெளியே போட்டால் மட்டும் மனிதன் குணமாகிவிட மாட்டான், பிரித்ததை மறுபடி சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பகுப்பாய்வுக்குப் பின் மனத்தொகுப்பு. இத்தாலிய மருத்துவர் அசாஜோலியின் பெயரோடு பிற்காலத்தில் பிரபலமான 'சைக்கோசிந்தசிஸ்' என்ற அதே சொல்லைப் பியெரேவும் பயன்படுத்தினார். இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இங்கேதான் வெட்டர்ஸ்ட்ராண்டின் அறை திரும்பவும் கைகொடுக்கிறது. ஹிப்னாடிசம் என்பது என்ன என்ற கேள்விக்குப் பியெரே தந்த விளக்கம், கருவில் இருந்தபோது நமக்கிருந்த ஆதி ஓய்வுநிலைக்குத் தற்காலிகமாகத் திரும்புதல் என்பது. அடிபணிதல், மருத்துவரின் ஆதிக்கம் என்றெல்லாம் மற்றவர்கள் விளக்கிய இடத்தில் அவர் ஓய்வைக் கண்டார். நாள்கணக்கில் தூங்கி எழுந்தவர்கள் தேறியதை அறிந்த ஒருவருக்கு இது இயல்பாக வரக்கூடிய எண்ணம். அதையே விரித்ததுதான் அவருடைய மையக் கருத்தான 'இறப்பும் புதுப்பிறப்பும்'. மனம் ஒரு வடிவத்தில் இறுகும், அந்த வடிவம் சாகும், புதிதாக ஒன்று பிறக்கும். இந்தச் சுழற்சி ஓடும்வரை ஆரோக்கியம். எங்காவது சிக்கி நின்றுவிட்டால் நோய். மருத்துவர் புதிதாக எதையும் திணிப்பதில்லை, அடைபட்டதைத் திறந்துவிடுகிறார். அழகான கருத்துதான், ஆனால் இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதற்கு அவரிடம் நல்ல பதில் கிடையாது.

கனவைப் பற்றியும் அதே தடம்தான். 1933இல் வந்த நூலில், கனவு மறைந்துகிடக்கும் ஆசையின் மாறுவேடம் என்ற ஃப்ராய்டின் வாசிப்பை விட்டுவிட்டு, செரிக்காத அனுபவங்களை மனம் தானாகச் செரிக்கும் வேலையாகக் கனவைப் பார்த்தார். ஆகவே தனிக் கனவு ஒன்றை எடுத்துக் குறியீடு குறியீடாக உடைப்பதைவிட, தொடர்ந்து வரும் கனவுகளை வரிசையாக வைத்து எது நகர்கிறது, எது நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று பார்ப்பது இந்தப் பார்வைக்குப் பொருந்தும். கனவுகளைக் குறித்துவைப்பவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

அமைப்பு ரீதியாக அவர் ஃப்ராய்டிய வட்டத்துக்கு வெளியேதான் இருந்தார். 1934இல் ஃபின்லாந்து–ஸ்வீடன் உளப்பகுப்பாய்வுச் சங்கம் உருவானபோது ஸ்வீடன் பக்கம் முன்னின்றவர் அல்ஃப்ஹில்ட் டாம், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர், பியெரே பிறந்த அதே 1876இல் பிறந்தவர். பியெரேவோ, ஃப்ராய்டிடமிருந்து பிரிந்த சுவிஸ் மனநல மருத்துவர் யுங் தலைமையேற்ற சர்வதேச உளமருத்துவச் சங்கத்தின் பக்கம் இருந்தார்.

ஸ்வீடிஷ் தெரியாதவர்கள் 1916இல் பாஸ்டனில் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கலாம். உளப்பகுப்பாய்வின் வரலாறும் நடைமுறையும் என்று தலைப்பு இருந்தாலும் தத்துவவாதி காண்ட், ஆஸ்திரிய மருத்துவர் ஃபாய்ஷ்டர்ஸ்லேபன், வெட்டர்ஸ்ட்ராண்ட் எல்லாரையும் கடந்த பிறகுதான் ஃப்ராய்டும் அவரிடமிருந்து பிரிந்த ஆட்லரும் வருகிறார்கள். அவசரத்தில் ஃப்ராய்ட் அத்தியாயத்துக்குத் தாவிவிடாதீர்கள். ஹிப்னாடிசத்தின் இயல்பு பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். ஜெர்மன் தெரிந்தால் கனவு நூலின் 1936 பதிப்பும் உண்டு.