உது

அன்புள்ள ஐயா,

ஐந்து மாதமாக ஜப்பானிய மொழி படிக்கிறேன். டிசம்பரில் என்5 என்னும் தொடக்க நிலைத் தேர்வு. ஆங்கிலத்தில் எழுதிய பாடநூல்தான் துணை. ‘வ’, ‘க’ என்ற இரண்டு இடைச்சொற்களுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடவே இல்லை. காஞ்சி என்னும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை இப்போதே தொடங்கலாமா? ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ இரண்டுக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு வினைச்சொல்கூடப் படிக்க முடியாது. காஞ்சி தினம் இரண்டு எழுதுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

எனக்குக் கோபம் உங்கள் பாடநூல்மீது. உறவில்லை என்றாலும் இரு மொழிகளிலும் வாக்கியம் நடக்கும் விதம் ஒன்றுபோல இருக்கிறது. ‘கினோ கத்தா ஹொன்’ என்றால் ‘நேற்று வாங்கிய புத்தகம்’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ‘தபெதெ மிரு’ என்பது ‘சாப்பிட்டுப் பார்’. ‘மிரு’வுக்கும் பொருள் பார்ப்பதுதான்! ஆங்கிலம் இதை அரைப் பக்கம் விளக்கியாக வேண்டும். உங்களுக்கு எதற்கய்யா அந்த அரைப் பக்கம்? பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிறீர்கள்.

நான் சென்னையில் ஒரு மாலை வகுப்பில் படித்தேன். ‘கொரெ’ இது, ‘ஸொரெ’, ‘அரெ’ இரண்டும் ‘அது’ என்று பலகையில் எழுதியிருந்தது. ஆசிரியை என் கையிலிருந்த பேனாவைக் காட்டி, ‘ஸொரெ வ நன் தெஸு கா?’ என்றார். வகுப்பு விழித்தது. எனக்கோ யாழ்ப்பாணத்து அடுப்படி நினைவுக்கு வந்துவிட்டது. நான் எதையாவது கையில் ஒளித்தபடி நின்றால் அம்மம்மா கேட்பார்: “உதென்ன?” என்னிடம் இருப்பது இது, உன்னிடம் இருப்பது உது, இருவருக்கும் எட்டி இருப்பது அது. கொரெ, ஸொரெ, அரெ.

இன்னும் கேளுங்கள். எதிரில் இருப்பவர் சொன்ன பேச்சையும் ஜப்பானியர் ‘ஸொரெ’ என்றே சுட்டுவார்கள். நான் புளுகினால் அம்மம்மா, “உதென்ன கதை கதைக்கிறாய்!” என்பார். என் கதை என் பக்கத்துப் பொருள், ஆகவே உது. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. தமிழ்நாட்டில் நீங்கள் மூன்றாவதைத் தொலைத்துவிட்டு, இப்போது தேர்வுக் கட்டணம் கட்டி டோக்கியோக்காரரிடம் கற்கிறீர்கள்.

‘வ’, ‘க’வை மறந்தே போனேன். ‘ஸோ வ ஹனா க நகாய்’: யானைக்கு மூக்கு நீளம். பேச்சு யானையைப் பற்றி, அதற்கு ‘வ’. நீளமாக இருப்பது மூக்கு, அதற்கு ‘க’. என்5க்கு இது போதும். மிச்சத்துக்கு எனக்கே இன்னும் தடுமாற்றம்தான்.

தேர்வு முடிந்ததும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை ‘உது’ என்றுதான் சொல்ல வேண்டும், என் கைக்கு வந்து சேரும் வரை.