கேளுங்கள், சொல்கிறேன்: கிணற்றடிக் கணக்கு

(பதில்: மல்லாவியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

கேள்வி: 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடிவந்தபோது எனக்கு ஏழு வயது. மல்லாவியில் ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தோம். வாடகை வாங்கவில்லை. இப்போது கனடாவில் இருக்கிறேன். ஆடியில் ஊருக்கு வருகிறேன். அந்த வீட்டு அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம்? காசு கொடுத்தால் கோபிப்பாவா?
- வாசகி, ஸ்காபரோ

பதில்: பிள்ளை, நானும் அந்த நாளில் ஒரு வளவுக்காரன்தான். ஆகையால் வளவுக்காரர் வெளியே சொல்லாததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 இல், இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்க, வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் எழும்பிப் போனது. தென்மராட்சியில் ஒதுங்கியவர்களில் பலர் கிளாலியில் வள்ளம் ஏறி வன்னிக்கு வந்தார்கள். அடுத்த வருடம் கிளிநொச்சியைப் பிடிக்க இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை. கிளிநொச்சி வெறுமையாகி, அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சனம் மேற்கே வந்தது. 1997 மேயில் இராணுவத்தின் அடுத்த பெரிய நடவடிக்கையான ஜெயசிக்குறு தொடங்க ஓமந்தை, நெடுங்கேணிப் பக்கத்துச் சனமும் இடம்பெயர்ந்தது. மல்லாவி அதுவரை ஒரு சந்தி, நாலு கடை, சுற்றிவர வயல். அவ்வளவுதான். நாங்களும் ஆதியில் இருந்து அந்த மண்ணில் இருந்தவர்கள் அல்ல. என் ஐயா வவுனிக்குளக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர்.

எங்கள் வளவில் முதலில் ஒரு குடும்பம். அடுத்த கோடைக்குள் ஒன்பது. காட்டுத்தடி வெட்டி நட்டு, மேலே தறப்பாள். வசதி வந்தபோது கிடுகு. வாடகை கேட்க வாய் வரவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எழுதிவிடாதீர்கள். கேட்டிருந்தால் ஊர் காறித் துப்பியிருக்கும்.

சண்டை வந்தது கிணற்றடியில். அந்த ஆவணியில் விடிய ஐந்து மணிக்கே வாளியில் சேறு வரத் தொடங்கிவிட்டது. என் மனைவி ஒருநாள் கயிற்றையும் வாளியையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டாள். கிளிநொச்சியில் ஓட்டு வீடும் மாட்டுப் பட்டியும் விட்டு வந்த ஒரு அக்கா, குடத்தை இடுப்பில் வைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றா. நான் கண்டும் காணாதவன்போல சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். காற்று ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் அந்த வளவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்பது கொட்டில் ஆண்களும் மண்வெட்டி, அலவாங்கோடு வந்தார்கள். என்னிடம் கேட்கவும் இல்லை. கிணற்றை இறைத்து, சேறு வாரி, இன்னும் இரண்டு முழம் தோண்டினார்கள். ஊற்றுக் கண் திறந்தது. அந்தக் கிணறு அதற்குப் பிறகு வற்றியதே இல்லை. இன்றைக்கும் அந்தத் தண்ணீரில்தான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

உங்கள் அம்மா அப்பாவும் அங்கே ஏதாவது செய்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். நீங்கள்தான் கடன்காரர் என்று நினைத்துக்கொண்டு போகவேண்டாம்; அந்த அம்மாவிடமும் ஒரு கணக்கு இருக்கும். வாளியை மறைத்ததும் அதற்குள் இருக்கலாம். ‘தெய்வம்போல வந்தீர்கள்’ என்று தொடங்கினால் பாவம், கூச்சப்படுவா.

காசு கொடுத்தால் கோபிப்பாவா என்றால், முதல்நாளே உறையில் வைத்து நீட்டினால் கோபிப்பா. நாலு தரம் போய்வந்த பிறகு, கூரைத் தகரம் துருப்பிடித்திருப்பதைப் பார்த்து மேசனோடு பேசி மாற்றிக் கொடுத்தால் திட்டிக்கொண்டே ஏற்றுக்கொள்ளுவா.

ஆனால் எனக்குப் பட்டது வேறு. 2008 இல் எங்கள் முறை வந்தது. மல்லாவியை விட்டுக் கிழக்கே போனோம். விசுவமடுவில் யாரோ ஒருவருடைய கிணற்றடியில் இந்த முறை குடத்தோடு நின்றது நான். அங்கிருந்து முல்லைத்தீவுக் கரைவரை, பிறகு செட்டிகுளம் முகாம். போகப் போக ஒவ்வொன்றாகக் கைவிட்டோம். அல்பத்தை எங்கே விட்டோம் என்று மனைவிக்கும் எனக்கும் இன்றைக்கும் வாக்குவாதம். எங்கள் கலியாணப் படம்கூட இல்லை. மூத்தவளின் சிறுவயது முகத்தை நினைவில் வைத்துத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

கனடாவில் உங்கள் வீட்டு அலுமாரியில் அந்தக் காலத்துப் படம் ஏதாவது இருக்கும். பிறந்தநாளோ சாமத்திய வீடோ, பின்னால் அந்த அம்மாவின் வாசலும் அவவின் பிள்ளைகளும் தெரிகிற படமாகப் பார்த்துத் தேடுங்கள். கிடைத்தால் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மகனின் பாடசாலைக் கண்காட்சிக்கு ஜாம் போத்தல் விளக்கு செய்யவேண்டும். எப்படி?
- வாசகர், வட்டக்கச்சி

பதில்: நாங்கள் வீட்டில் செய்த முறை இது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுங்கள். மெல்லிய கம்பியைச் சுருட்டி, அதற்குள் நூல்திரியை நிறுத்தினால் சரி. போத்தல் காற்றை மறைப்பதால் சுடர் அணையாது. போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் வீணாகக்கூடாது என்பதற்காக வந்த விளக்கு. இதன் வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். கண்காட்சியில் கொளுத்தவேண்டாம், காட்டினால் போதும். போத்தல் சூடேறினால் வெடிக்கும். என் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.