'கொள்கை முடிவு' என்று பதில் வந்தால் யாரைப் பார்ப்பது?

கேள்வி: இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப எங்கள் பகுதிக்குப் பேருந்து இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். 'இது அரசின் கொள்கை முடிவைச் சார்ந்தது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. கட்சிக்காரர்களைப் போய்ப் பாருங்கள் என்கிறார்கள். எனக்கு எந்தக் கட்சியும் பிடிக்காது. அரசுக்கும் எனக்கும் நடுவில் கட்சி எதற்கு?

பதில்: அந்த ஒரு வரி எரிச்சலூட்டும்தான். ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஏற்கெனவே உள்ள பேருந்து நேரத்துக்கு வரவில்லை என்றால் அது புகார். அதற்கு அலுவலகமும் மேல்முறையீடும் போதும். கட்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். போனால், உரிமையாகக் கிடைக்க வேண்டியது யாரோ செய்த தயவாகிவிடும். நீங்கள் கேட்பது இல்லாத பேருந்தை. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும், எந்தப் பகுதிக்கு முதலில் என்று முடிவெடுக்க வேண்டும். அது அதிகாரியின் கையில் இல்லை, தேர்தலில் ஜெயித்தவர்கள் கையில் இருக்கிறது.

சரி, ஜெயித்த உறுப்பினர் ஒருவர் போதாதா, கட்சி எதற்கு? சபையில் ஒவ்வொருவரும் தன் தொகுதிக்கு ஒன்று கேட்பார். அவற்றில் சிலவற்றைப் பொறுக்கி ஒரே திட்டமாக்கி, கொறடாவை வைத்துத் தன் ஆட்களை ஒன்றாக வாக்களிக்க வைப்பது கட்சி. நடக்காவிட்டால் யாரைக் கேட்பது என்றும் நமக்குத் தெரிகிறது. பசிபிக் தீவு நாடான துவாலுவில் கட்சிகளே இல்லை. அங்கே உறுப்பினர்கள் சிலர் அணி மாறியதாலேயே அமைச்சரவை கவிழ்ந்ததுண்டு. ஜெர்மனியோ 1949 அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே, மக்களின் அரசியல் விருப்பம் உருவாவதில் கட்சிகளுக்குப் பங்குண்டு என்று எழுதிவைத்தது.

கட்சி எல்லோர் குரலையும் ஒரே மாதிரி கேட்கும் என்று நம்பிவிடாதீர்கள். நன்கொடை தருபவர் பேச்சு சீக்கிரம் மேலே போகும். நிறைய ஓட்டு வைத்திருப்பவர்கள் பேச்சும் அப்படித்தான். உங்களிடம் இருப்பது எண்ணிக்கை. அதைக் காட்டுங்கள்.

தேர்தல் அறிக்கை எழுதப்படும் காலம்தான் சரியான நேரம். பிரசாரம் சூடுபிடித்த பிறகு போனால் கைகுலுக்கல்தான் கிடைக்கும். அறிக்கையை நீதிமன்றம் அமல்படுத்தாது என்றாலும் அதற்கு எடை உண்டு. ஆளுங்கட்சி தன் அறிக்கையில் சொன்ன சட்டத்தை மேலவை தடுப்பதில்லை என்பது 1945 முதல் பிரிட்டனில் மரபு.

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே, இப்போது எப்படித் திரும்புகிறார்கள், அவ்வளவுதான். வந்த பதிலின் நகலையும் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு 'அதிகாரியைப் பாருங்கள்' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஆளுங்கட்சியின் கிளை நிர்வாகியிடம் கொடுக்கும்போது, இது அடுத்து யாரிடம் போகும், அந்தக் குழு எப்போது கூடும் என்று கேட்டுவிடுங்கள். அவர் முடிவெடுப்பவர் இல்லை, மேலே கொண்டுபோகிறவர். இதற்கெல்லாம் நீங்கள் உறுப்பினராகத் தேவையில்லை.

அப்புறம், அதே தாளை எதிர்க்கட்சியிடமும் கொடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அவர்களால் பேருந்து விட முடியாது. ஆனால் சபையில் கேள்வி கேட்க முடியும். அமைச்சர் சொல்லும் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும். 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தாலும் சரி, தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று இரண்டு பக்கமும் கேளுங்கள்.