மாதா மாதம் பணம் போகிறது, விளையாட்டு வரவில்லை: பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்த வாரம் எடுத்துக்கொண்ட மூன்று கடிதங்களும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: ரசிகர்களிடம் பணம் திரட்டித் தனிநபர்களும் சிறு குழுக்களும் உருவாக்கும் கணினி விளையாட்டுகள், அதிலும் வயது வந்தோருக்கானவை. முகம் சுளிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். ஒருவர் பணத்தை எதற்காகக் கொடுத்தார் என்பதை வைத்து அவருடைய புகாரை எடைபோடும் பழக்கம் இந்தப் பகுதிக்குக் கிடையாது.

கேள்வி: எனக்கு வயது 34. பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மூன்று ஆண்டுகளாகப் பேட்ரியான் தளத்தின் வழியாக வெளிநாட்டு உருவாக்குநர் ஒருவருக்கு மாதம் 10 அமெரிக்க டாலர் கட்டி வருகிறேன். கதையின் போக்கை நாமே தேர்ந்தெடுத்து ஆடும் விளையாட்டு, வயது வந்தோருக்கானது. ஆரம்பத்தில் மாதம் ஒரு புதிய பகுதி வந்தது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. இப்போது எட்டு மாதமாக ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் அடிப்படையிலிருந்து மாற்றி எழுதுவதாகச் சொல்கிறார். கேள்வி கேட்டால், கலைஞரை அவசரப்படுத்தாதே என்று மற்ற ரசிகர்கள் என்மீது பாய்கிறார்கள். இது மோசடியா? பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?
(பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

பதில்: மூன்று ஆண்டு, மாதம் 10 டாலர் என்றால் 360 டாலர். நம் பணத்தில் சுமார் 1,500 ரிங்கிட். கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எதை வாங்கினோம் என்பதில் தெளிவு இல்லாவிட்டால் கோபம் தவறான வாசலில் போய் நிற்கும்.

2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டரும் 2013இல் தொடங்கிய பேட்ரியானும் ஒரே வகையல்ல. கிக்ஸ்டார்ட்டரில் ஒரு குறிப்பிட்ட பொருளை முடிப்பதற்காக ஒருமுறை பணம் கொடுக்கிறீர்கள். இலக்குத் தொகை சேராவிட்டால் உங்கள் அட்டையிலிருந்து ஒரு காசும் எடுக்கப்படாது. சேர்ந்தும் பொருளை முடிக்க இயலாமல் போனால், பணம் எப்படிச் செலவானது என்று உருவாக்குநர் விளக்க வேண்டும், மிஞ்சியதைத் திருப்பித் தர முன்வர வேண்டும் என்று அத்தளத்தின் விதிமுறையே சொல்கிறது. பேட்ரியானில் அப்படி ஒரு முடிவுப்புள்ளி கிடையாது. அங்கே அந்த மாதம் அவர் வேலை செய்வதற்கு நீங்கள் ஆதரவு தருகிறீர்கள். அடுத்த மாதம் மறுபடியும் தருகிறீர்கள். நம் ஊரில் கூட்டு (சீட்டு) கட்டுபவருக்குக்கூட என்றாவது ஒரு மாதம் தன் முறை வந்து சேரும். (அந்தக் கூட்டே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதை இன்னும் பலர் மறந்தே இருக்கிறார்கள்.) இங்கே முறை என்று ஒன்றே இல்லை.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு கோணலும் இருக்கிறது. விளையாட்டை முடித்துவிட்டால் வருமானம் நின்றுவிடும். முடிக்காதவரை அது வந்துகொண்டிருக்கும். உருவாக்குநர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. வீட்டு வாடகை கட்ட வேண்டிய எந்த மனிதருக்கும் இந்த ஏற்பாடு சோம்பலைக் கற்றுத்தரும். 2016இல் 'பிரீடிங் சீசன்' என்ற வயது வந்தோர் விளையாட்டுக்கு மாதந்தோறும் பல்லாயிரம் டாலர் வந்துகொண்டிருந்தது. ஓவியருக்கும் விளையாட்டை நடத்தியவருக்கும் பிணக்கு ஏற்பட்டது, ஓவியர் விலகினார், விளையாட்டு பாதியில் கைவிடப்பட்டது. இது ஆபாச விளையாட்டுகளுக்கு மட்டுமே வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். 'ஸ்டார் சிட்டிசன்' என்ற விண்வெளி விளையாட்டு 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியபோது 2014இல் வெளிவரும் என்றார்கள். பத்தாண்டு கடந்து, 50 கோடி டாலருக்கு மேல் சேர்ந்த பிறகும் முழு வடிவம் வெளிவரவில்லை.

இனி உருவாக்குநர் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். இவ்வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவை ரென்பை என்ற இலவச மென்பொருளில் எழுதப்படுகின்றன. ஆரம்பிப்பது எளிது, முதல் பகுதியைச் சில வாரங்களில் செய்துவிடலாம். சிக்கல் பிறகுதான் வருகிறது. இரண்டாம் பகுதியில் நீங்கள் எடுத்த ஒரு முடிவைப் பத்தாம் பகுதி நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் தனி உரையாடல், தனிப் படம். முப்பரிமாணப் படமாக இருந்தால், ஒரே ஒரு காட்சியை உருவாக்கி முடிக்கக் கணினி மணிக்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். ஆக, கதை வளர வளர ஒரே அளவு புதிய கதைக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உழைப்பு. மாதம் ஒன்று என்பது மூன்று மாதத்துக்கு ஒன்று ஆனதில் வியப்பில்லை.

ரசிகர்களும் இதற்கு ஒரு காரணம், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பணம் கட்டியவர்களுக்கு வாக்குரிமை தருவது இந்தத் துறையின் வழக்கம்: அடுத்து எந்தப் பாத்திரத்தின் கதை வர வேண்டும், எந்தக் காட்சி வேண்டும் என்று. ஓரமாக வந்துபோன ஒரு பாத்திரம் பிடித்துப்போய், அதற்கும் ஒரு கதை வேண்டும் என்று நூறு பேர் வாக்களித்தால், கதையின் முடிவு இன்னும் அரை ஆண்டு தள்ளிப்போகிறது. பிறகு அதே நூறு பேர் ஏன் தாமதம் என்று கேட்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் அடியும் உண்டு. 2017இல் பேட்ரியான் வயது வந்தோர் படைப்புகளுக்கான விதிகளை இறுக்கியது. 2025 ஜூலையில் கட்டண அட்டை நிறுவனங்களின் நெருக்குதலால், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் இவ்வகை விளையாட்டுகள் சிலவற்றை அகற்றியது; அதே மாதம், சிறு உருவாக்குநர்கள் தங்கள் விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் தளம் வயது வந்தோர் படைப்புகளைத் தேடலிலேயே வராமல் மறைத்தது. முதலீட்டு நிறுவனமும் வங்கிக் கடனும் எட்டிப் பார்க்காத தொழில் இது. விதி மாறும்போதெல்லாம் கதையைத் திருத்துவதும் வேறு தளம் தேடுவதும் அந்த ஒரே ஆளின் தலையில் விழுகிறது.

அடிப்படையிலிருந்து மாற்றி எழுதுவதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மிகப் பிரபலமான 'சம்மர்டைம் சாகா' விளையாட்டிலேயே தொழில்நுட்ப மாற்றத்துக்காக ரசிகர்கள் புதிய கதைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அப்படியானால் உண்மையான தாமதத்தையும் பணம் கறப்பதையும் எப்படிப் பிரித்தறிவது? நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். மாதக் கட்டணத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதியைப் பேட்ரியான் உருவாக்குநர்களுக்கே தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் அந்த மாதம் ஏற்கெனவே சந்தா கட்டிவரும் ரசிகர்களிடம் பணம் பிடிக்கப்படாது. எட்டு மாதத்தில் ஒரு மாதமாவது உங்கள் உருவாக்குநர் அதைச் செய்தாரா? செய்திருந்தால் பொறுத்திருக்கலாம். செய்யவில்லை என்றால், அவர் என்ன விளக்கம் எழுதினாலும் என் மனம் இளகாது.

அடுத்தது, அவர் எழுதும் அறிக்கைகள். எத்தனை காட்சிகள் முடிந்தன, எவை பாக்கி, எந்தப் பிழை திருத்தப்பட்டது என்று எழுதுகிறவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். உடல்நிலை, மனச்சோர்வு, கணினிக் கோளாறு, புதிய கணினி, வீடு மாற்றம் என்று மட்டுமே எட்டு மாதமும் எழுதுகிறவர் ஒருவேளை உண்மையாகவே துன்பப்படுகிறவராக இருக்கலாம். அவர்மீது இரக்கப்படுங்கள், அந்த இரக்கத்துக்கு மாதம் 10 டாலர் கட்ட வேண்டியதில்லை.

கலைஞரை அவசரப்படுத்தாதே என்பவர்கள் பாதிதான் சரி. அன்பளிப்பாகக் கொடுத்தவர் கேள்வி கேட்கக்கூடாது. ஆனால் 10 டாலருக்கு இன்னின்ன கிடைக்கும் என்று பட்டியல் போட்டு வாங்கியவரிடம் கேட்கலாம். மரியாதையாகக் கேட்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 10 டாலர் கட்டியதால் ஒரு மனிதரைத் திட்டவும் மிரட்டவும் உரிமை வந்துவிட்டதாக நினைக்கும் ரசிகர்களும் இருக்கிறார்கள்.

நடுவர் மன்றத்துக்கு வருவோம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இணைய வழி வாணிபத்துக்கும் பொருந்தும். மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். உள்ளூர்க் கடை என்றால் இன்றே போங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் எதிர்த்தரப்பு வெளிநாட்டில் புனைபெயரில் இருக்கும் ஒருவர். நம் மன்றத்தின் தீர்ப்பை அவரிடம் நிறைவேற்ற வழியில்லை. இன்னொன்றும் இருக்கிறது: ஆபாசப் படைப்புகள் மீதான நம் சட்டங்கள் கடுமையானவை. 2017 செப்டம்பரில் ஒரே ஒரு சண்டை விளையாட்டு மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று ஸ்டீம் தளமே இங்கே சிறிது நேரம் முடக்கப்பட்டது. இப்படிப்பட்ட நாட்டில் இந்த ரசீதை எடுத்துக்கொண்டு அரசு அலுவலகப் படி ஏறும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கடந்த மாதங்களின் பணம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேட்ரியானில் பணத்தைத் திருப்பித் தருவது பெரும்பாலும் உருவாக்குநரின் விருப்பம். கடைசி ஓரிரு மாதத்துக்காவது கேட்டுப்பாருங்கள். நல்லபடியாகக் கேட்டால் சிலர் தருவார்கள். வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் வழி, சந்தாவை நீக்கிய பிறகும் பணம் பிடித்தால் எடுபடும். மெதுவாக வேலை செய்கிறார் என்ற காரணம் அங்கே நிற்காது.

இன்றே சந்தாவை நீக்குங்கள். பதிவிறக்கி வைத்திருக்கும் பகுதிகள் உங்கள் கணினியில்தான் இருக்கும். புதிய பகுதி உண்மையிலேயே வெளிவந்த பிறகு, விருப்பமிருந்தால் அந்த ஒரு மாதம் மட்டும் கட்டி, எடுத்துக்கொண்டு, மறுபடியும் நீக்கிவிடுங்கள். உங்கள் கணக்குப்படியே எட்டு மாதத்துக்கு 80 டாலருக்குப் பதில் 10 டாலரோடு போயிருக்கும். பல உருவாக்குநர்கள் சில வாரம் கழித்து அதே பகுதியை எல்லோருக்கும் இலவசமாகவே விடுகிறார்கள். டாலர் கட்டணத்தின் மேல் வங்கி எடுக்கும் செலாவணிக் கட்டணமும், வெளிநாட்டு இணையச் சேவைகள் மீது 2024 மார்ச் முதல் உள்ள 8 விழுக்காட்டுச் சேவை வரியும் சேரக்கூடும் என்பதால், அட்டை அறிக்கையை ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட விளையாட்டு ஒன்றின் முழுப் பதிப்பு, ரசிகர்களுக்கு மட்டும் தரும் பகுதிகளோடு 20 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் என்று டெலிகிராமில் ஒருவர் விற்கிறார். உள்ளூர் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் போதுமாம். வாங்கலாமா?
(செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: வேண்டாம். இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்கு முழுப் பதிப்பு எங்கிருந்து வரும்? அவர் அனுப்பப்போவது திருட்டுக் கோப்பு. கூடவே உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் தேடும் ஏதோ ஒன்றும் ஏறி வரலாம். ஆபாசப் பொருளை விற்பது தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அப்படிப்பட்டவரிடம் உங்கள் பெயரும் கணக்கு எண்ணும் போய்ச் சேர வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்தக் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று சரிபார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்து மேலும் பணம் போனால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி: நான் ஜார்ஜ்டவுனில் ஓவியப் பட்டதாரி, வயது 26. தோட்டப்புறப் பேய்க்கதை ஒன்றைத் தமிழிலும் மலாயிலும் ஆடும் விளையாட்டாகச் செய்கிறேன். ரசிகர்களிடம் பணம் திரட்ட எண்ணம். வயது வந்தோர் காட்சிகளைச் சேர்த்தால்தான் பணம் வரும் என்கிறார் நண்பர். பணம் கொடுப்பவர்களுக்கு என்ன வாக்குறுதி தருவது?
(பினாங்கு)

பதில்: நண்பர் ஜப்பானிலிருந்து பேசுகிறாரா? மேலே சொன்ன 292ஆம் பிரிவு, விற்பதற்காக உருவாக்குகிறவரையும் பிடிக்கும். பட்டர்வொர்த் வாசகர் பணம் கொடுத்த அந்த வெளிநாட்டு உருவாக்குநருக்கு இல்லாத ஆபத்து உங்களுக்கு உண்டு. பேய் போதும்.

வாக்குறுதி பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈத்தன் மாலிக், 2014இல் வெளியிட்ட ஆய்வில், கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிய வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களில் 75 விழுக்காட்டுக்கு மேல் சொன்ன தேதிக்குப் பிந்தியே பொருளைத் தந்தன என்று கண்டார். அடுத்த ஆண்டு அவரே எல்லா வகைத் திட்டங்களையும் எடுத்து ஆராய்ந்தபோது, வாக்குறுதி தந்ததைத் தராமலே போனவை சுமார் 9 விழுக்காடு. அதாவது ஏமாற்றுவதைவிடத் தாமதிப்பதுதான் மிகச் சாதாரணம். தேதி சொன்ன நாளிலேயே நீங்கள் அந்தத் தாமதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள்.

ஆகவே முதல் அத்தியாயத்தை முழுக்க முடித்து இலவசமாக விடுங்கள். அதை முடிக்க எத்தனை நாள் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதி அத்தியாயங்கள் ஒவ்வொன்றுக்கும் அதைப்போல் இரண்டு மடங்கு நாள் போடுங்கள். மொத்தம் எத்தனை அத்தியாயம் என்பதை முதலிலேயே அறிவித்து, ரசிகர் வாக்கால் அது கூடாது என்றும் எழுதிவையுங்கள். வாக்கெடுப்பு வேண்டுமென்றால் பேயின் சேலை நிறத்துக்கு வையுங்கள். மாதச் சந்தாவைவிட, முடிந்த அத்தியாயத்துக்கு ஒரு விலை வைத்து விற்பது உங்களுக்கும் நிம்மதி. சந்தாதான் வழி என்றால், வேலை நடக்காத மாதத்தில் கட்டணத்தை நிறுத்திவைப்பேன் என்று அறிமுகப் பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். முதல் அத்தியாயம் வெளிவந்ததும் எனக்கும் எழுதுங்கள், வாங்கி ஆடிப் பார்க்கிறேன்.