கணுக்கால் ஃபியூஷன் ஆபரேஷனுக்கு அப்புறம் கால் மடங்கலையே டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 54, திண்டுக்கல் பக்கம் மளிகைக் கடை வெச்சிருக்கேன். ரொம்ப வருஷம் முன்னாடி பைக்ல இருந்து விழுந்து வலது கணுக்கால் உடைஞ்சது, அப்புறம் மூட்டு தேஞ்சு போய் நாலு எட்டு வெக்க முடியாத நிலைமைக்கு வந்துருச்சு. இப்ப ஃபியூஷன் ஆபரேஷன் பண்ணி பத்து வாரம் ஆகுது, உள்ள மூணு ஸ்க்ரூ இருக்கு. சுகர் இருக்கு. பூட் போட்டு வாக்கர் புடிச்சு நடக்கிறேன். கணுக்கால் துளிகூட மடங்கல, மச்சான் சொன்னாருன்னு ஒருத்தர் வந்து தினமும் எண்ணெய் போட்டு உருவி மடக்கிப் பாக்கிறார், வலிதான் மிச்சம். சாயங்காலம் ஆனா வீக்கம். கடையில எப்ப நிக்கலாம், வண்டி எப்ப ஓட்டலாம், தரையில உக்கார முடியுமா? வருஷா வருஷம் பழனிக்கு பாதயாத்திரை போறவன் நான். மூட்டு மாத்துற ஆபரேஷன் பண்ணியிருக்கலாமேன்னு பாக்க வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. ஸ்க்ரூவை எப்ப எடுக்கணும்?

பதில்: முதல்ல அந்த எண்ணெய் உருவுறதை இன்னைக்கே நிறுத்துங்க சார். மத்ததெல்லாம் அப்புறம். உங்க கணுக்கால் மடங்காததுக்கு ஆபரேஷன் சரியா வரலைன்னு அர்த்தம் இல்ல, மடங்கக் கூடாதுன்னுதான் ஆபரேஷனே பண்ணாங்க. தேஞ்சு போன ஜவ்வை முழுசா சுரண்டி எடுத்துட்டு, கீழ்க்கால் எலும்பையும் பாதத்தோட மேல் எலும்பையும் நேருக்கு நேர் வெச்சு ஸ்க்ரூ போட்டு இறுக்கி, ரெண்டும் ஒரே எலும்பா வளரட்டும்னு விடுறதுதான் ஃபியூஷன். ஆட்டம் நின்னாத்தான் வலி நிக்கும். இப்ப பத்து வாரத்துல எலும்பு பாதி கூடியிருக்கும், அதைப் போய் மடக்கிப் பாக்கிறது கான்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரிச்சு மேல ஏறி குதிச்சுப் பாக்கிற மாதிரி. ஸ்க்ரூ எலும்பைப் புடிச்சு வெக்கத்தான், எலும்பு கூடுறதுக்கு முன்னாடி திரும்பத் திரும்ப ஆட்டினா ஸ்க்ரூ லூசாகும், உடையக்கூட செய்யும். மச்சான் நல்லதுன்னு நினைச்சுதான் ஆளைக் கூட்டிட்டு வந்திருப்பாரு, அவர்கிட்ட சண்டை போட வேண்டாம், இதைப் படிக்கக் குடுங்க போதும்.

ஒரு எக்ஸ்ரே இந்த வாரமே எடுத்துருங்க, இவ்வளவு நாள் மடக்கியிருக்காங்க, உங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. எலும்பு கூடியிருக்கான்னு எக்ஸ்ரேல சந்தேகமா இருந்தா சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வாங்க, அது வீண் செலவு இல்ல. பொதுவா முதல் ஆறு வாரம் காலைத் தரையில ஊனவே விட மாட்டோம், அப்புறம் பூட் போட்டு கொஞ்சம் கொஞ்சமா எடை போடச் சொல்வோம், மூணு மாசத்துல இருந்து நாலு மாசத்துக்குள்ள எலும்பு நல்லா கூடியிருந்தா பூட்டைக் கழட்டலாம். சுகர் இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் தள்ளிப் போகும், பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா இன்னும் ரொம்பத் தள்ளிப் போகும், ஏன்னா வலி தெரியாம அதிக எடை போட்டுருவாங்க. அதனால பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு மாசத்துல நடந்தாரேன்னு ஒப்பிட்டுப் பாக்காதீங்க.

நூறு பேருக்கு இந்த ஆபரேஷன் பண்ணா அஞ்சுல இருந்து பத்து பேருக்கு எலும்பு கூடாமப் போகுது. அந்தப் பட்டியல்ல போய் உக்காராம இருக்க உங்க கையில இருக்கிறது மூணே விஷயம். சுகர், புகை, பொறுமை. மூணு மாச சராசரி சுகர், அதாவது எச்பிஏ1சி, ஏழு ஏழரைக்குள்ள இருக்கட்டும். சிகரெட் பீடி பத்தி நீங்க எழுதவே இல்ல, எழுதலைன்னா இல்லைன்னு நான் எடுத்துக்க மாட்டேன் (கடைக்காரர் வேற, சரக்கு கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்). புகை புடிச்சா எலும்பு கூடாமப் போற வாய்ப்பு பல மடங்கு ஏறுது, ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே இனி ஒன்னு ரெண்டு புடிக்கலாம்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன், எலும்பு கூடற வேலை இப்பத்தான் நடந்துட்டு இருக்கு. வைட்டமின் டி ஒரு தடவை பாத்துக்குங்க. வலி மாத்திரையை மெடிக்கல்ல நீங்களா வாங்கி தினமும் போடாதீங்க, சுகர் இருக்கிறவங்களுக்கு அது கிட்னிக்கும் கெடுதல், எலும்பு கூடறதையும் மெதுவாக்கலாம்.

சாயங்கால வீக்கத்துக்கு பயப்படாதீங்க, ஆறு மாசம், சில பேருக்கு ஒரு வருஷம் கூட வரும். நெஞ்சை விட உயரமா காலைத் தூக்கி வெச்சுப் படுங்க, சேர்ல உக்காந்து முன்னாடி ஒரு ஸ்டூல்ல காலை நீட்டறது போதாது. காலையில எந்திரிக்கும்போது வீக்கம் வடிஞ்சிருந்தா சரி. ஆனா கெண்டைக்கால் திடீர்னு கெட்டியாகி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு புடிச்சாலோ ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, ரத்தக்கட்டியா இருக்கலாம். தையல் போட்ட இடத்துல நீர் கசிஞ்சாலோ காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே காட்டுங்க. குறைஞ்சுட்டே வந்த வலி திடீர்னு கூட ஆரம்பிச்சாலும் சும்மா இருக்கக் கூடாது. பாதத்து மேல்பக்கம் ஒரு ஓரம் மரத்த மாதிரி இருந்தா அது நரம்பு கொஞ்சம் இழுபட்டதால, பல பேருக்கு மெல்லக் குறையும், சிலருக்கு கொஞ்சம் நிரந்தரமா தங்கிரும், நடக்கிறதுக்கு அதனால தொந்தரவு இல்ல.

இனி எப்படி நடப்பேன்னு யோசிப்பீங்க. நீங்க நினைக்கிற அளவுக்கு மோசமா இருக்காது. கணுக்கால் மூட்டுதான் பூட்டியிருக்கு, அதுக்குக் கீழ குதிகால் பக்கம் ஒரு மூட்டு, பாதத்து நடுவுல சில மூட்டுங்க எல்லாம் ஆடிட்டுத்தான் இருக்கு, போகப் போக அதுங்க கொஞ்சம் வேலையை வாங்கிக்கும். ஒரு வருஷம் கழிச்சு நல்ல ஷூ போட்டு சமதரையில நடந்தா புதுசா பாக்கிறவங்களுக்கு நீங்க ஆபரேஷன் பண்ணவர்னே தெரியாமப் போகலாம். மேடு ஏறும்போதும் கரடுமுரடான தரையிலயும்தான் தெரியும். அப்ப ஒரு தப்பு எல்லாரும் பண்ணுவாங்க, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வெச்சு அதோட உள்பக்கமா உருண்டு நடப்பாங்க, கணுக்கால் மடங்காததுக்கு அது சுலபமான வழியா தெரியும். சில வருஷத்துல முட்டி வலின்னு வந்து நிப்பாங்க. விரல் நேரா முன்னாடி பாக்கட்டும், எட்டு சின்னதா இருக்கட்டும். வாக்கரை விட்டதும் இடது கையில ஒரு கைத்தடி, ஆபரேஷன் பண்ண காலுக்கு எதிர்ப்பக்கக் கையிலதான் புடிக்கணும். பிசியோகிட்ட போங்க, ஆனா கணுக்காலை மடக்கப் போக வேண்டாம், தொடை, இடுப்பு, கால்விரல், இதுக்கெல்லாம் பயிற்சி வாங்கத்தான்.

இதுல மருந்து மாத்திரையை விட செருப்புக்குத்தான் நான் அதிக நேரம் பேசுவேன். நாம நடக்கும்போது குதிகால் ஊனி, பாதம் உருண்டு, விரல்ல தள்ளறோம், அந்த உருளுற வேலையை கணுக்கால் பண்ணிட்டு இருந்தது. இனி அதை செருப்போட அடிப்பாகம் பண்ணணும். அடி வளைவா இருக்கிற ராக்கர் சோல், குதிகால்ல மெத்துன்னு, பின்னாடி கட்டாயம் ஸ்ட்ராப். சுகர்காரங்களுக்கு குடுக்கிற எம்சிஆர் செருப்பு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுலயே ராக்கர் வெச்சு அளவெடுத்து செஞ்சு குடுப்பாங்க, பெரிய ஆஸ்பத்திரிகள்ல காலிப்பர், செயற்கைக் கால் செய்யற பிரிவுல கேளுங்க. சாதா ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம், விரலால கவ்விப் புடிச்சுத்தான் அதைப் போட்டு நடக்க முடியும், கழண்டு தடுக்கும். வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் கூடாது, வீட்டுக்குன்னே தனியா ஒரு ஜோடி வெச்சுக்குங்க, அம்மா திட்டினாலும் பரவால்ல. கால் ஒரு சென்டிமீட்டர் கிட்ட குட்டையாகியிருக்கலாம், உடனே அதுக்கு சமமா சோல் ஏத்தச் சொல்லாதீங்க, மடங்காத கால் தரையில தட்டாம முன்னாடி வர்றதுக்கு அந்தக் கொஞ்சம் குட்டை உதவிதான்.

படி ஏறும்போது நல்ல கால் முன்னாடி, இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முன்னாடி. இறங்கும்போது மேல் படியில நிக்கிற காலோட கணுக்கால்தான் மடங்கணும், கீழ வெக்கிற கால் மடங்க வேண்டியதில்ல, அதான் காரணம். இது பூட் போட்டிருக்கிற வரைக்கும் மட்டும் இல்ல, செங்குத்தான படியில இனி எப்பவும் இப்படித்தான், பக்கத்துல கைப்பிடி இருந்தா புடிச்சுக்குங்க.

சேர்ல இருந்து எந்திரிக்கிறதைக் கவனிச்சுப் பாருங்க. நாம பாதத்தை சேருக்கு அடியில இழுத்து வெச்சு, முன்னாடி சாஞ்சு, எந்திரிக்கிறோம். உங்க வலது கால் அப்படி உள்ள வராது, வந்தாலும் குதிகால் தூக்கிக்கும். அதனால முதல்ல நுனிக்கு நகர்ந்து வந்து, இடது காலை மட்டும் உள்ள இழுத்து, கைப்பிடியில கையை ஊனி எந்திரிங்க. கைப்பிடி இல்லாத தாழ்வான சேர், தொங்குற சோபா ரெண்டும் உங்களுக்கு ஆகாது. குத்துக்கால் போட்டு உக்கார்றது முடியாது, இந்தியன் டாய்லெட்டும் முடியாது, அதுல சமாளிக்கலாம்னு பாத்து வழுக்கி விழுந்தவங்க இருக்காங்க. வெஸ்டர்ன் மாத்திருங்க, முடியலைன்னா மேல வெக்கிற ஸ்டாண்டு வாங்குங்க, பக்கத்துச் சுவத்துல ஒரு கைப்பிடி அடிங்க. எலும்பு கூடினதுக்கப்புறம் சம்மணம் போட்டு பலரும் உக்கார்றாங்க, கணுக்காலோட வெளிப்பக்க எலும்பு தரையில அழுத்தாம ஒரு துண்டை மடிச்சு வெச்சுக்கணும், ஆனா தரையில இருந்து எந்திரிக்கிறதுதான் கஷ்டம், பந்தியில டேபிள் போட்ட வரிசையாப் பாத்து உக்காருங்க. வஜ்ராசனம் மாதிரி முட்டி போட்டு பாதத்தை நீட்டி உக்கார்றதை மறந்துருங்க.

கடைக்கு நாலாவது மாசத்துல போகலாம்னு வெச்சுக்குங்க, அதுவும் எலும்பு கூடியிருந்தா. கல்லாவுல உயரமான ஸ்டூல், நிக்கிற இடத்துல ரப்பர் மேட். முழு நாள் நிக்கிறதுக்கு ஆறு மாசம் ஆகும். அரிசி மூட்டையை நீங்க தூக்கறது இதோட முடிஞ்சது, அதுக்கு ஒரு பையனைப் போடுங்க.

வண்டி விஷயத்துல உங்களுக்கு வலது கால்ங்கிறதால கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். நம்ம ஊர் பைக்ல பின் பிரேக் வலது கால்ல இருக்கு, கணுக்காலை லேசா அமுக்கிப் புடிக்கிற வேலை அது, இனி காலை மொத்தமாத் தூக்கித்தான் வெக்கணும், எவ்வளவு அமுக்குறோம்னும் சரியாத் தெரியாது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறுங்க, ரெண்டு பிரேக்கும் கையில வந்துரும். சிக்னல்ல நிக்கும்போது இடது காலை ஊனப் பழகுங்க. கார்னா பல பேர் பழகி ஓட்டறாங்க, ஆனா எலும்பு கூடி, பூட் இல்லாம, தடி இல்லாம நடக்கிற வரைக்கும் வேண்டாம், அப்புறமும் காலி கிரவுண்டுல திடீர் பிரேக் நாலு தடவை போட்டுப் பாத்துட்டுத்தான் ரோட்டுக்கு வரணும்.

மூட்டு மாத்தியிருக்கலாமோன்னு வர்றவங்க சொல்றது பத்தி. கணுக்காலுக்கு செயற்கை மூட்டு இருக்கு, நல்லதுதான். ஆனா இங்கிலாந்துல 50 வயசு தாண்டின சுமார் 300 பேருக்கு பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு ஃபியூஷன்னு பண்ணிப் பாத்தாங்க, 2022-ல முடிவு வந்தது, ஒரு வருஷம் கழிச்சு நடக்கிறதுலயும் நிக்கிறதுலயும் ரெண்டு பக்கமும் நல்ல முன்னேற்றம், சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. செயற்கை மூட்டு தேயும், லூசாகும், திரும்ப ஆபரேஷன் வரலாம், நாள் பூரா நின்னு மூட்டை தூக்குற, சுகர் இருக்கிற ஒருத்தருக்கு உங்க டாக்டர் ஃபியூஷன் சொன்னது எனக்கு சரியாத்தான் படுது. ஃபியூஷனுக்கும் ஒரு விலை இருக்கு, பத்துப் பதினஞ்சு வருஷத்துல பக்கத்து மூட்டுங்க, முக்கியமா குதிகால் மூட்டு, அதிக வேலை பாத்து தேயலாம். எடையைக் குறைக்கச் சொல்றதும் செருப்பு செருப்புன்னு நான் சொல்லிட்டே இருக்கிறதும் அதுக்காகத்தான்.

பழனி பாதயாத்திரை... திண்டுக்கல்ல இருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், அதுவும் வெறுங்கால்ல, தார் ரோட்டுல. வர்ற தைப்பூசத்துக்கு வேண்டாம். அப்புறமும் வெறுங்கால்ல வேண்டாம், சுகர் கால்ல ஒரு கொப்புளம் போதும், அதுக்கு மேல எழுத எனக்கு விருப்பம் இல்ல. ஒரு வருஷம் போகட்டும், ஷூ போட்டுட்டு கடைசி அஞ்சாறு கிலோமீட்டர் மட்டும் கூட்டத்தோட சேந்து நடங்க, அடிவாரத்துல இருந்து வின்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு. மேல பிரகாரத்துல தடிமனான சாக்ஸும் உள்ள சிலிக்கான் குதிகால் பேடும் போட்டுக்குங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு, கூட வர்ற பெருசுங்க வேணா ரெண்டு வார்த்தை சொல்வாங்க.

ஸ்க்ரூவை எடுக்க வேண்டியதில்ல. தோலுக்கு அடியில உறுத்தினாலோ சீழ் வெச்சாலோதான் எடுப்போம், அதுவும் எலும்பு முழுசா கூடினதுக்கப்புறம். எந்த உலோகம்னு டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதியிருக்கும், பின்னாடி எம்ஆர்ஐ ஏதாவது எடுக்க வேண்டி வந்தா அந்தத் தாளைக் காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்குங்க.