டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஆயில் மாற்றலாமா?

காருக்கு அடியில் படுத்து, ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் இறங்கும் குழாய்க்குள் மெல்லிய டியூபை இறக்கி, கையால் பம்ப் அடித்து, பழைய ஆயிலை மேல்வழியாகவே உறிஞ்சிவிடலாம். எக்ஸ்ட்ராக்டர் என்று விற்கப்படும் இந்தக் கருவியைப் பற்றித்தான் இம்முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் பார்க்கிங் தரையில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் சங்கத்தில் பஞ்சாயத்துதான். எக்ஸ்ட்ராக்டர் வாங்கினால் வீட்டிலேயே ஆயில் மாற்றிவிடலாமா? ஆயில் முழுவதும் வெளியே வந்துவிடுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: வாங்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைக்கு எட்டும் உயரத்தில், பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் இருந்தால் இந்தக் கருவி உங்கள் காருக்கென்றே செய்தது போல. பென்ஸ் எஞ்சின்களில் பெரும்பாலும் அப்படித்தான். பி.எம்.டபிள்யூவிலும் ஃபில்டர் மேலேதான், ஆனால் அவற்றில் பலவற்றுக்கு டிப்ஸ்டிக்கே கிடையாது. அளவை சென்ஸார்தான் சொல்லும். டியூபை விட வழியில்லாத காருக்கு எக்ஸ்ட்ராக்டர் வாங்கி என்ன பயன்?

நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில், டப்பா மாதிரியான ஃபில்டர் எஞ்சினின் கீழ்ப்பகுதியில் திருகியிருக்கும். அதைக் கழற்றக் கீழே கை போயாக வேண்டும், கழற்றும்போது ஒரு டம்ளர் ஆயிலாவது வழியும். சில கார்களில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கர இடுக்கு வழியே கை நுழையும். அப்படி நுழைந்தால், ஒரு தட்டும் கொஞ்சம் பனியன் வேஸ்ட்டும் இருந்தால் சங்கத்துக்குத் தெரியாமலே வேலையை முடிக்கலாம்.

முழுவதும் வருமா என்றால், எந்த வழியில் எடுத்தாலும் வராது. டிரெயின் போல்ட்டைக் கழற்றினாலும் எஞ்சினின் உள்வழிகளிலும் ஆயில் பம்ப்பிலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் எந்த இடத்தில் டிப்ஸ்டிக் குழாய் இறங்குகிறது என்பதில்தான் விஷயம். ஆழமான பள்ளத்துக்கு நேர் மேலே இறங்கினால் எக்ஸ்ட்ராக்டர் டிரெயின் போல்ட்டுக்குச் சமமாக எடுத்துவிடும். சம்ப் படிக்கட்டு போல இருந்து, டியூப் மேல்படியில் போய் உட்கார்ந்தால் அரை லிட்டர் கூட உள்ளே நின்றுவிடலாம். உங்கள் காரில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. முதல் முறை மட்டும் உறிஞ்சி முடித்த பிறகு, பழக்கமான மெக்கானிக்கிடம் டிரெயின் போல்ட்டையும் திறக்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்குள் வந்தால் அடுத்த முறையிலிருந்து கவலையில்லை. 400, 500 மில்லி கொட்டினால் எக்ஸ்ட்ராக்டர் உங்கள் எஞ்சினுக்குத் தோதில்லை.

கேள்வி: கருவி வாங்கிவிட்டேன். செய்முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: ஆயிலின் சூடுதான் முதல் கவனம். எஞ்சினை 5 நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, 10 நிமிடம் பொறுங்கள். 50, 60 டிகிரி போதும். குடிக்கத் தக்க காபியின் சூடு என்று வைத்துக்கொள்ளலாம். ஆறிப்போன ஆயில் 6 மில்லிமீட்டர் டியூபில் ஜவ்வு போல ஏறும், அரை மணி நேரம் ஆகும். நெடுஞ்சாலையில் ஓடிவந்த கையோடு டியூபை விட்டாலோ, அது இளகிக் குழாய்க்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். கையால் அடிக்கும் பம்ப்கள் பலவற்றுக்கு 80 டிகிரி பக்கத்தில்தான் உச்சவரம்பு. உங்கள் கருவியின் கையேட்டிலும் போட்டிருக்கும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பழைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள், பிறகு கணக்கு உதைக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஓரமாக வைத்து, கார் சாவியை உங்கள் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சாவி வண்டியிலேயே இருந்தால், ஆயில் இல்லாத எஞ்சினை வீட்டில் யாராவது ஸ்டார்ட் செய்துவிடும் அபாயம் உண்டு.

டியூபை டிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் பிடித்து, அதே நீளத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். டியூப் உள்ளே போகும்போது டேப்பையும் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கி, லேசாக 'டொக்' என்று தட்டும். அதுதான் சம்ப்பின் அடி. அங்கே நிறுத்தி 2 மில்லிமீட்டர் மேலே தூக்குங்கள். டியூபின் நுனியைச் சாய்வாக வெட்டியிருந்தால் தூக்கவே வேண்டாம், தரையில் அழுந்தினாலும் வாய் அடைபடாது.

இனி 15, 20 முறை பம்ப் அடித்தால் போதும், வெற்றிடம் தானாகவே இழுக்கும். டியூபில் கறுப்புக் கோடு ஏறுவது தெரியும். ஆயில் ஏறவில்லை என்றால், டியூபை விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு பம்ப் அடியுங்கள். கை கனக்காவிட்டால் மூடியின் ரப்பரிலோ டியூப் இணைப்பிலோ காற்று கசிகிறது. இளநீரின் கடைசி மிடறு போல உறிஞ்சும் சத்தம் கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டியூபைக் கால் சுற்று திருப்பி, கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். 5 நிமிடம் கழித்து மறுபடி அடித்தால் மேலிருந்து வடிந்த ஆயில் இன்னும் கொஞ்சம் வரும்.

ஃபில்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. டப்பா ஃபில்டரைக் கழற்றும்போது அதன் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அதைப் பார்க்காமல் புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம் உட்காரும். ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் அழுத்தம் தாங்காமல் பிதுங்கி, ஊற்றிய ஆயில் அத்தனையும் தரைக்கு வந்துவிடும். விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். புது வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று, ஸ்பேனர் வேண்டாம். பிளாஸ்டிக் மூடி வகையில் இறுக்கும் அளவு பெரும்பாலும் மூடியின் மேலேயே அச்சாகியிருக்கும், 25 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு. அதற்கு மேல் முறுக்கினால் விரிசல் விடும்.

ஊற்றும்போது, வெளியே வந்ததையும் குறித்துவைத்த பழைய அளவையும் வைத்துக் கணக்கிட்ட அளவில் 300 மில்லி குறைத்தே ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்தால் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும்; அணையவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

கேள்வி: என் காரின் கையேட்டில் 3.1 லிட்டர் என்று போட்டிருக்கிறது. எக்ஸ்ட்ராக்டரில் 2.2 லிட்டர்தான் வந்தது. புது ஆயில் 3.1 லிட்டரும் ஊற்றிவிட்டேன். மீதி 900 மில்லி எங்கே?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் வண்டியை எடுக்காதீர்கள், டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அதே எக்ஸ்ட்ராக்டரால் கூடுதலை உறிஞ்சி எடுங்கள். ஆயில் அதிகமானால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும், நுரையை பம்ப்பால் ஒழுங்காக அழுத்தித் தள்ள முடியாது. மிகுந்த ஆயில் காற்றோட்டக் குழாய் வழியாக எரியும் அறைக்கும் போய்ப் புகையும்.

இனி அந்த 900 மில்லிக்கு வருவோம். கையேட்டில் 3.1 என்பது பெரும்பாலும் ஃபில்டரோடு சேர்த்த அளவு. ஃபில்டருக்குள் 200, 250 மில்லி நிற்கும். அது டியூபில் வராது. மாற்றுவதற்கு முன் ஆயில் மேல்கோட்டில்தான் இருந்ததா? பல கார்களில் இரு கோடுகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர் வித்தியாசம். பாதியில் இருந்திருந்தால் அங்கேயே அரை லிட்டர் கணக்கு தீர்ந்தது.

இவை இரண்டும் சரி, இருந்தும் இடிக்கிறது என்றால் சந்தேகம் டியூப் மேல்தான். உள்ளே போகப் போக நல்லது என்று நினைத்து அழுத்தினால், நுனி அடியில் முட்டி வளைந்து பாம்பு தலைதூக்குவது போல ஆயிலுக்கு மேலே எட்டிப்பார்க்கும். பிறகு காற்றைத்தான் குடிக்கும். டேப் ஒட்டச் சொல்வது இதற்காகத்தான்.

கருவியின் தொட்டியில் உள்ள கோடுகளையும் முழுக்க நம்ப வேண்டாம். சூட்டில் ஆயில் விரியும்: 70 டிகிரியில் 3 லிட்டர் காட்டுவது 30 டிகிரிக்கு ஆறினால் 80 மில்லி போலக் குறையும். சமையலறைத் தராசு இருந்தால் எடை போடுங்கள். லிட்டருக்குச் சுமார் 870 கிராம் என்று வகுத்தால் நெருக்கமான அளவு கிடைக்கும். வெளியே வந்தது எவ்வளவு என்று பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தக் கருவியை வாங்காமல் இருப்பதே எஞ்சினுக்கு நல்லது.

கேள்வி: பழைய இன்னோவா டீசலுக்கு இது சரிப்படுமா? ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடுகிறதே, உள்ளே பழைய ஆயில் தங்கிவிடுவதாலா?
- வாசகர், நாமக்கல்

பதில்: சரிப்படும், ஆனால் தொட்டியின் கொள்ளளவைப் பாருங்கள். அந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு ஏறக்குறைய 7 லிட்டர் ஆயில். 6 லிட்டர் தொட்டி என்றால் நடுவில் ஒருமுறை காலி செய்ய வேண்டும். பல கருவிகளில் தொட்டி நிறைந்ததும் மிதவை வழியை அடைக்கும். பம்ப் கெட்டுவிட்டது என்று தவறாக நினைக்க வேண்டாம்.

மறுநாள் கறுப்பது டீசலின் சுபாவம். எரிந்த கரியை ஆயில் தனக்குள் வாங்கிக்கொள்வதால் வரும் நிறம் அது. உள்ளே தங்கிய 200 மில்லி பழைய ஆயிலும் புது ஆயில் முழுவதையும் கறுக்க வைக்கப் போதும். நிறத்தை வைத்து ஆயில் கெட்டதென்று சொல்ல முடியாது. கிலோமீட்டரும் மாதமும்தான் கணக்கு.

இதே யோசனையை பி.எஸ்.6 டீசல் கார்களுக்குச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது, ஆயிலின் தரக்குறியீடு. புகை வடிகட்டி உள்ள எஞ்சின்களுக்குச் சாம்பல் குறைவான ஆயில் கேட்டிருப்பார்கள், கையேட்டில் 'சி2', 'சி3' என்பது போல இருக்கும். ஆயிலின் அடர்த்தியைச் சொல்லும் 5டபிள்யூ-30 என்ற எண் மட்டும் ஒத்துப்போனால் போதாது. சாம்பல் மிகுந்த ஆயில் வடிகட்டியை நாளடைவில் அடைத்துவிடும், அந்தச் செலவுக்குப் பல வருட ஆயில் வாங்கலாம்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்னவர் எப்போது ஆயில் மாற்றினார் என்று தெரியவில்லை. எக்ஸ்ட்ராக்டரே போதுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: இந்த முறை வேண்டாம். டிரெயின் போல்ட்டையே கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். வரும் ஆயில் தார் போல இருக்கிறதா, போல்ட்டில் உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா, மரை நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் மேலிருந்து உறிஞ்சினால் தெரியாது. போல்ட்டுக்கு அடியில் உள்ள வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே போட்டு, கசிகிறதென்று மேலும் மேலும் முறுக்கித்தான் அலுமினிய சம்ப்பின் மரை போகிறது. மரை போன சம்ப்பை மாற்றும்வரை எக்ஸ்ட்ராக்டரால் காலம் தள்ளுகிறவர்களும் உண்டு, அதில் தவறில்லை.

கேள்வி: இதே கருவியால் பிரேக் ஆயிலையும் எடுக்கலாமா? டேங்க்கில் மாற்றி ஊற்றிய பெட்ரோலை?
- வாசகர், கோவை

பதில்: இரண்டும் கூடாது. எஞ்சின் ஆயில் ஒட்டிய டியூபால் பிரேக் ஆயிலைத் தொட்டால், அந்தச் சிறு படலமே பிரேக்கின் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுக்கும். பிரேக்குக்குத் தனியாக ஒரு சிறிய சிரிஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள், செலவு அற்பம். பெட்ரோல் ஆவி தீப்பற்றும். அதிலும் 12 வோல்ட் மோட்டார் வைத்த எக்ஸ்ட்ராக்டரைப் பெட்ரோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: பழைய ஆயிலை என்ன செய்வது? கரையான் வராமல் நிலைக்கதவில் பூசலாம், சொறி பிடித்த நாய்க்குத் தடவலாம் என்கிறார்கள்.
- வாசகி, செங்கல்பட்டு

பதில்: நாய்க்குத் தடவவே தடவாதீர்கள். பயன்படுத்திய ஆயிலில் உலோகத் துகள்களும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருட்களும் இருக்கின்றன. நாய் உடம்பை நக்கும், ஆயில் வயிற்றுக்குள் போகும். சொறிக்குக் கால்நடை மருத்துவமனையில் ஊசி இருக்கிறது. நிலைக்கதவு, சென்ட்ரிங் பலகை எல்லாம் பழைய பழக்கம். பூசியது கையிலும் மண்ணிலும் சேரும். நீங்களும் வேலை செய்யும்போது நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டப்படி இது அபாயக் கழிவு, 2016ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வருகிறது. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, கழிவு ஆயிலை டிரம்மில் சேர்த்து அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். தண்ணீரோ பிரேக் ஆயிலோ கலந்தால் அவர்கள் வாங்கமாட்டார்கள். பழைய ஃபில்டரைக் குப்புறக் கவிழ்த்து ஒரு நாள் வடியவிட்டு, அதையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இழுக்கும்போது டியூபின் நுனி அறுந்து உள்ளே விழுந்துவிட்டது. ஓட்டலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: ஓட்டாதீர்கள். ஆயில் பம்ப்பின் வாயில் சல்லடை இருப்பதால் துண்டு பம்ப்புக்குள் போகாது, ஆனால் சல்லடையின் மேல் படிந்து வழியை அடைக்கலாம். அடைத்தால் ஆயில் விளக்கு எரிவதற்குள்ளேயே பேரிங் தேய ஆரம்பித்துவிடும். வெளியே கிடைத்த டியூபை அளந்து, உள்ளே போன துண்டின் நீளத்தை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சம்ப்பை இறக்கி எடுப்பதுதான் வழி.

கேள்வி: ஸ்ப்ளெண்டருக்கு?
- வாசகர், திருவாரூர்

பதில்: தேவையே இல்லை. ஒரு லிட்டருக்குள் ஆயில், அடியில் ஒரு போல்ட், ஒரு பழைய பேசின். வண்டி சூடாக இருக்கும்போது கழற்றுங்கள், 10 நிமிட வேலை.